நேர்ந்து கொடுத்த பிள்ளை

1

போன மாதம் ஊரிலிருந்து லாரன்ஸ் அண்ணன் போன் செய்தார். அவர் என் பெரியப்பா மகன். நம் ஊர்க் கோயில் திருவிழா மலர் வேலையை இந்த வருடம் அவர்தான் பார்க்கிறார்.

"ஏ செல்வம், நம்ம ஊருல இருந்து சாமியாருக்குப் படிக்கிற பிள்ளைய படத்த எல்லாம் ஒரே பக்கத்துல போடுதோம். ஒம் மவன் போட்டோ ஒண்ணு வாட்ஸ்அப்புல அனுப்பு. வெள்ளை அங்கி போட்டதா இருந்தா நல்லது" என்றார்.

"சரி அண்ணே, பாக்குதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் மகன் சாமுவேல் அங்கி போட்ட படம் ஒன்றும் என்னிடம் இல்லை. அங்கி போடும் காலம் வருமுன்பே அவன் சாமியாருக்குப் படிக்கும் குருமடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டான். வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது செம்பூரில் ஏ.சி. ரிப்பேர் செய்யும் ஒரு கடையில் வேலை பழகுகிறான். காலையில் ஐ.டி.ஐ. வகுப்பு, மதியத்துக்கு மேல் கடை. ஊரிலிருந்து யார் கேட்டாலும் "படிக்கான்" என்று மட்டும் சொல்லி வந்தேன். என்ன படிக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வருடமாகத் திருவிழாவுக்கு நான் வராததற்கும் இதுதான் காரணம். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது பொய்.

படத்துக்குப் பதிலாக இதை எழுதி அனுப்புகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அண்ணன் விருப்பம். எப்படியும் நாலு பேர் படிப்பார்கள், பிறகு ஊருக்கே தெரிந்துவிடும். எனக்கும் அதுதான் வேண்டும்.

என்னை அறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நான் செல்வமேரி. நம் ஊர்ப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவள். கல்யாணமாகித் தாராவிக்கு வந்து இருபத்தாறு வருடம் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அந்தோணி நம் பக்கத்து ஆள்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கே. விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். நான் மாட்டுங்காவில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறேன். இங்கே ஆயாவை 'மௌசி' என்பார்கள், சித்தி என்று அர்த்தம். டாக்டரம்மாவிலிருந்து பிரசவத்துக்கு வரும் பெண்கள் வரை எல்லோருக்கும் நான் மௌசிதான். என் சொந்தப் பெயர் அங்கே சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

2

வந்த முதல் ஐந்து வருடத்தில் மூன்று பிள்ளைகளை இழந்தேன். முதல் இரண்டும் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. மூன்றாவதுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

அன்று காலையிலிருந்தே வயிற்றில் அசைவு இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கருவியை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "தட்கன் நஹி மில் ரஹி" என்றார். எனக்கு அப்போது இந்தி சரியாக வராது. காய்கறி வாங்கத் தெரியும், பஸ்ஸில் டிக்கெட் கேட்கத் தெரியும். இந்த வார்த்தை தெரியாது. வெளியே நின்ற என் வீட்டுக்காரரிடம் போய், "தட்கன்னா என்னங்க?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இதயத் துடிப்புக்கு இந்தியில் என்ன சொல்வார்கள் என்று நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

குழந்தையை எனக்குக் காட்டவில்லை. "பாக்காத, பாத்தா மறக்காது" என்று என்னைச் சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் எடுத்துப் போனார்கள். எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை கடவுளைப் பார்க்காது என்று சின்ன வயதில் ஊரில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அது மட்டும் மனதில் முள்ளாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் மாஹிம் மாதா கோயிலுக்குப் போகத் தொடங்கினேன். தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். புதன் நவநாள் ஜெபத்துக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். கோயில் வாசலில் மெழுகில் செய்த கை, கால், வீடு எல்லாம் விற்பார்கள். எது வேண்டுமோ அதை வாங்கிக் காணிக்கையாக வைக்க வேண்டும். பிள்ளை இல்லாதவர்களுக்கு மெழுகுக் குழந்தை. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. வெயிலில் வரிசையில் நிற்கும்போது கைச்சூட்டில் அது லேசாக இளகும். இளகிவிடக் கூடாதே என்று சேலைத் தலைப்பால் பிடித்துக்கொள்வேன்.

விவிலியத்தில் அன்னா என்ற பெண்ணின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிள்ளை இல்லாமல் ஆலயத்தில் அழுதவள். மகன் பிறந்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். சாமுவேல் பிறந்தான். பால் மறந்ததும் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள். ஒரு புதன்கிழமை நானும் அதையே சொன்னேன்.

"ஒரே ஒரு பிள்ளையக் குடு தாயே. வளத்து ஒம் மவனுக்கே குடுத்துருதேன்."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "ஒம் பங்கக் குடுத்துக்கோட்டி. எம் பங்கு எங்கிட்ட இருக்கட்டும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வருடம் சாமுவேல் பிறந்தான்.

3

பிறப்புச் சான்றிதழ் வாங்க வார்டு ஆபீசுக்குப் போனது நினைவிருக்கிறது. குமாஸ்தா மராட்டிக்காரர். பிள்ளை பெயரைக் கேட்டார், சொன்னேன். அப்பா பெயரைக் கேட்டார், சொன்னேன். பிறகு "ஆட்நாவ்?" என்றார். குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறார். எனக்கோ ஆட் என்றால் எட்டு, நாவ் என்றால் பெயர். "எட்டுப் பேரா? ஏக்கீ நாம் ஹை சாப், ஒண்ணே ஒண்ணுதான்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒரு பெண் விளக்கினாள். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை, கட்டத்தை நிரப்பியாக வேண்டும். கடைசியில் அந்தோணி குடும்பப் பெயராகிவிட்டது. அப்பா பெயரும் அந்தோணி, குடும்பப் பெயரும் அந்தோணி. ஞானஸ்நானப் பதிவில் வெறும் சாமுவேல். இந்த இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான் ஏறிய படிகளைப் பிறகு சொல்கிறேன்.

அவன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவனுக்கு விஷயம் தெரியும். நான்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். தாலாட்டு மாதிரி. "நீ சாமி பிள்ளை. பெரியவனாகி சாமியாராப் போவ." விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நீங்களும் அவனைக் 'குட்டிச் சாமியார்' என்றுதான் கூப்பிட்டீர்கள். அவன் சிரிப்பான். எட்டு வயதில், பூசையில் சாமியாருக்கு உதவும் பீடப் பையனானான். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு முதல் ஆளாகப் போவான். பூசையில் மணி அடிப்பதற்கும், தெருவில் கிரிக்கெட் ஆடுவதற்கும் ஒரே மாதிரி ஓடுவான்.

தமிழ் பேசுவான், படிக்க வராது. இங்குள்ள பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான். மூன்று வருடம் மறைக்கல்வி வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்தும், ஜெபங்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் மனப்பாடம் செய்தான். என்னிடம் தமிழில் தொடங்குவான், பாதியில் இந்திக்குப் போய்விடுவான். கூட்டாளிகளோடு முழுக்க இந்திதான்.

அவன் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதையே நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

4

பத்தாவது முடிந்ததும் திருச்சிப் பக்கம் ஒரு துறவற சபையின் குருமடத்தில் சேர்க்க ஏற்பாடானது. பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், எங்கள் திருமணச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் நான்கும் கேட்டார்கள். நான்கிலும் எங்கள் பெயர்கள் நான்கு விதம். கோர்ட்டு வாசலில் முத்திரைத்தாளில் டைப் அடித்து, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, பங்குக் கோயிலுக்கும் வார்டு ஆபீசுக்குமாக ஒரு மாதம் அலைந்தேன். அலைச்சல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நேர்ச்சைக்காகப் பாடுபடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மகன் முகத்தை அந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை பார்த்தேன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

அங்கே யாரும் அவனைக் கொடுமைப்படுத்தவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சாப்பாடு, நல்ல சாமியார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போன் பேசலாம். முதல் சில மாதம் "நல்லா இருக்கேன்" என்பான். உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் முடிந்த வாரம் ஒரு விஷயம் சொன்னான்.

"மம்மி, சாயங்கால ஜெபத்துல என்னை வாசகம் வாசிக்கச் சொன்னாங்க. 'கல்லறை காலியா இருந்தது'ன்னு வரும்ல, அத நான் 'கருவறை காலியா இருந்தது'ன்னு வாசிச்சிட்டேன். சப் லோக் ஹஸ் படே. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

எழுத்துக் கூட்டிப் படிப்பவன், முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பார்த்து நடுவில் ஊகித்திருக்கிறான். சின்னத் தவறுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவன், "மம்மி, நான் வீட்டுக்கு வரட்டுமா?" என்றான்.

"லீவுக்கா?"

"இல்ல. வந்துர்றேன்."

நான் அழுதேன். அழுகையினூடே, "நான் நேந்துக்கிட்டேன்டா. அவருக்குக் குடுத்த வாக்க மீறினா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாது" என்றேன்.

"ப்ராமிஸ் நீ பண்ணுன மம்மி. மேனே தோ நஹி கியா. நான் பண்ணலையே."

அப்போது நான் ஒன்று சொன்னேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "அந்த ப்ராமிஸ் பண்ணலன்னா நீ பெறந்தே இருக்க மாட்ட" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து குருமட அதிபர் என்னை அழைத்தார். "அம்மா, பையன் தங்கமான பையன். நாங்க போகச் சொல்லல. ஆனா அவன் இங்க அவனுக்காக இல்ல, உங்களுக்காக இருக்கான். அப்படி ஒருத்தன இங்க வச்சிருக்க முடியாது. வச்சிருக்கவும் கூடாது" என்றார். இன்னும் ஒரு வருடம் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் சம்மதிக்கவில்லை.

5

சென்னை போய், அங்கிருந்து ரயில் ஏறி, தாதரில் வந்து இறங்கினான். அவன் அப்பாதான் அழைத்து வரப் போனார். நான் போகவில்லை. வேலைக்கும் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவன் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, குளித்துவிட்டு, சாப்பிட்டான். நான் சோறு போட்டேன். இரண்டு பேரும் பேசவில்லை.

அப்படியே இரண்டு மாதம் ஓடியது. எங்கள் வீட்டில் தனித்தனியாக இருக்க இடம் கிடையாது. கீழே ஒரு அறை, ஏணி ஏறினால் மேலே ஒரு அறை. ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அந்த இடத்துக்குள் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மும்பையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"நான் திரும்பி வந்ததால செத்துருவேனா மம்மி?"

"என்னல பேச்சு இது?"

"நீதான சொன்ன, என்ன ஆவும்னு தெரியாதுன்னு. நெசமா கேக்குறேன். நீ அப்பிடி நினைக்கிறியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. ஏனென்றால் நான் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு வந்தது. மழை தொடங்கினால் எங்கள் சந்தில் இரண்டு வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுப்பார்கள், அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் நான் வேறு கணக்குப் போட்டேன். கொடுக்காததை அவரே எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணு இறங்கிக்கொண்டே போனது. ஐந்தாம் நாள் புதன்கிழமை. மத்தியானம் என் வீட்டுக்காரரைக் கட்டில் பக்கம் உட்காரவைத்துவிட்டு, "மாஹிம் போயிட்டு வந்துருதேன்" என்றேன்.

அவர் எழுந்து வராந்தா வரை என்கூட வந்தார். இருபத்துநாலு வருடத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"போ. அழணும்னா அழு, ஜெபம் பண்ணு. ஆனா எதையும் குடுக்கேன்னு சொல்லிட்டு வராத. அவன் எனக்கும் புள்ள செல்வம். அந்த ஏழு மாசத்துப் புள்ளயக் கொண்டுபோய் மண்ணுல வச்சவன் நான். இவனையும் ஒன் கையால எடுத்து நீட்டாத."

பத்தொன்பது வருடத்துக்கு முந்தின அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

கோயிலில் நல்ல கூட்டம். மழைக்கு எல்லோரும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மெழுகு எதுவும் வாங்கவில்லை. மாதா படத்துக்கு முன் வந்ததும் பழைய வார்த்தைகள் தானாக நாக்குக்கு வந்தன. இவனைப் பிழைக்க வை, திருப்பி அனுப்பிவிடுகிறேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் மனம் அமைதியாகிவிடும் என்பதும் தெரியும். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளினார்கள். நான் சொல்லவில்லை. "அவனப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெறுங்கையோடு வந்த மாதிரி இருந்தது. பயம் குறையவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அவன் விழித்திருந்தான்.

"எங்க போன?"

"கோயிலுக்கு."

"என்னை மறுபடி குடுத்துட்டியா?"

"இல்லல."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டான்.

மறுநாள் தட்டணு கொஞ்சம் ஏறியது. அதற்கு மறுநாள் இன்னும் ஏறியது. இதை நான் அற்புதம் என்று எழுதப் போவதில்லை. ஐந்தாறு நாள் இறங்கும், பிறகு ஏறும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்குத்தான் காதில் விழவில்லை.

6

அவன் தேறி வந்த பிறகு எங்கள் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், வயதில் என்னைவிடச் சின்னவர். நேர்ச்சையைப் பற்றி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தடுக்காமல் கேட்டார்.

"அம்மா, திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு. நேர்ச்சை பண்ணுனவங்களத்தான் அது கட்டும். இன்னொருத்தரக் கட்டாது. நீங்க குடுத்த வாக்கு உங்களோடது. உங்க மகனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்பம் அன்னா குடுத்தாளே சாமி?"

"கொண்டுபோய் விட்டது அன்னா. ஆனா ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டப்போ பதில் சொன்னது யாரு? சாமுவேல்தானே. அம்மா வந்து பதில் சொல்லலையே. உங்க பையனை அவர் கூப்பிட்ட மாதிரி தெரியல. கூப்பிட்டா அவன் சொல்லிக்குவான்."

இதைக் கேட்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. நான் யாரிடமும் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளைப் பற்றியும் அன்றே கேட்டேன். அவங்களைக் கடவுளோட இரக்கத்துலதான் ஒப்படைக்கிறோம், அவர் பெத்தவளவிடக் கல்மனசுக்காரர் இல்ல, நம்பிக்கையா இருங்க என்றார்.

"ஆனா நான் வாக்குக் குடுத்தது நெசந்தான சாமி. அது என்ன ஆவுது?"

"அத வேற நல்ல காரியமா மாத்திக்கலாம். பங்குச் சாமியாருக்கு அந்த அதிகாரம் இருக்கு. உங்க கையில இருக்கிறத வச்சு எதைக் குடுக்க முடியும்னு யோசிச்சுட்டு வாங்க. பையன் கையில இருக்கிறத வச்சு இல்ல."

மூன்று வாரம் யோசித்தேன். யோசித்த விஷயத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன். போய்ச் சொன்னதும் சரி என்றார். "ஒரு பேப்பர் எழுதித் தாங்க சாமி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கடவுள் வார்டு ஆபீஸ் வைத்திருக்கவில்லை என்றார். இருபத்துநாலு வருடம் இந்த ஊரில் இருந்தவளுக்குக் காகிதமும் முத்திரையும் இல்லாமல் ஒரு காரியம் முடிந்தது என்று எப்படி நம்பிக்கை வரும்? நான் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் கோயில் தாளில் இரண்டு வரி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அதைக் கொண்டுபோய்ச் சாமுவேலிடம் நீட்டினேன். தமிழில் இருந்ததால் என்னிடமே திருப்பித் தந்தான். நான் வாசித்துக் காட்டினேன். "செல்வமேரி அவர்கள் செய்த நேர்ச்சை அவரை மட்டுமே சார்ந்தது. அது இன்று வேறொரு நற்பணியாக மாற்றப்பட்டது."

"மேரா நாம் கிதர் ஹை? என் பேரு எங்க?" என்று கேட்டான்.

"ஒம் பேரு இல்லல. இதுல நீ இல்ல."

கொஞ்சம் யோசித்தான். "முன்னாடி எல்லாப் பேப்பர்லயும் என் பேரு தப்புத் தப்பா இருந்துச்சு" என்றான். பிறகு சிரித்தான். குருமடத்திலிருந்து வந்த பிறகு என் முன்னால் சிரித்தது அன்றுதான்.

"நான் போன்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுல. நீ பெறந்திருக்க மாட்டன்னு. தப்புதான்."

"ஹாங் மம்மி. தப்புதான்" என்றான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

இப்போது பேசிக்கொள்கிறோம். வெயில் காலத்தில் அவனுக்குக் கடையில் மூச்சுவிட நேரமில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கு வருகிறான், மற்ற ஞாயிறுகளில் பெரும்பாலும் வருவதில்லை. எனக்கு வருத்தம்தான். வா என்று ஒரு தடவை கூப்பிடுவேன். இரண்டாவது தடவை கூப்பிடுவதில்லை.

7

பிரசவ ஆஸ்பத்திரியில் எல்லாக் கட்டிலுக்குப் பக்கத்திலும் தொட்டில் இருக்காது. மாதத்தில் ஒன்றிரண்டு பேர் வெறுங்கையோடு போவார்கள். அந்தப் பிள்ளைகளைத் துடைத்து, துணியில் சுற்றி, வீட்டு ஆண்களிடம் கொடுப்பது என் வேலை. இத்தனை வருடமும் அதை வேகமாகச் செய்து பழகியிருந்தேன். தாய் கண்ணில் படாமல் செய்வதுதான் நல்லது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது, நானும் அப்படியே செய்தேன். அந்தப் பெண்கள் பக்கம் போகவே மாட்டேன். கட்டில் விரிப்பு மாற்ற வேண்டுமானால் இன்னொரு மௌசியை அனுப்புவேன்.

நான் சாமியாரிடம் சொன்னது இதைத்தான். இனி அந்தப் பெண்களிடம் நானே போவேன். வேலை நேரம் முடிந்த பிறகு கூட உட்காருவேன். பிள்ளையைப் பார்க்க வேண்டுமா என்று தாயிடம் கேட்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டேன். டாக்டரம்மாவிடமும் அனுமதி கேட்டேன். "பேஷண்ட் சரின்னா எனக்கு ஆட்சேபம் இல்ல, மௌசி" என்றார்.

எளிதாக இல்லை. சிலர் வேண்டாம் என்பார்கள், அது அவர்கள் இஷ்டம். சிலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் வித்யா என்று ஒரு பெண். மாட்டுங்காவிலேயே வீடு, பாலக்காட்டுக் குடும்பம், வங்கியில் வேலை. எட்டு மாதம், பெண் குழந்தை. அவளுடைய மாமியார் கதவுப் பக்கத்தில் நின்று என்னிடம் மெதுவாக, "காட்டிடாதீங்கோ. பாத்தா அவளுக்கு மறக்காது" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"மறக்காதுதாம்மா. பாக்கலன்னாலும் மறக்காது. அவகிட்டயே கேட்டுருவோம்" என்றேன்.

நான் தமிழில் பேசியதைக் கேட்டு வித்யா திரும்பிப் பார்த்தாள். அதுவரை என்னிடம் இந்தியில்தான் பேசியிருந்தாள். பக்கத்தில் போய், "குழந்தையப் பாக்கணுமாம்மா?" என்று கேட்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு, "பயமா இருக்கு. நீங்க கூட இருப்பேளா?" என்றாள்.

"இங்கதான் இருப்பேன்."

கொண்டுவந்து கையில் கொடுத்தேன். துணியை விலக்கிக் காலைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். தலையில் நிறைய முடி இருந்தது. மாமியாரும் மெல்ல வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் இரண்டு பேர் சாமியும் வேறு. நான் சத்தமாக எதுவும் ஜெபிக்கவில்லை. மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொன்னேன், அவ்வளவுதான்.

அரை மணி நேரம் கழித்து அவளே குழந்தையை என்னிடம் நீட்டினாள். அவள் கணவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வித்யா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்து அறையில் யாருடைய குழந்தையோ அழுதது. அவள் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியில் வாரம் ஒருவராவது கேட்பார்கள். பத்தொன்பது வருடமாக நான் 'ஒரு பையன்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

"நாலு பேரும்மா" என்றேன். "ஒருத்தன் வீட்டுல இருக்கான்."

அவள் கட்டிலில் சற்று நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டாள்.